பிறக்கும் முன்னரே கேட்கும் இதயத் துடிப்பு

பிரசவ அறையில் தாயின் வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டியிருப்பார்கள். பக்கத்து இயந்திரத்திலிருந்து காகிதம் நீண்டுகொண்டே வரும். மிசிமார்கள் சி.டி.ஜி. என்று சொல்வது இதைத்தான். ஒரு பட்டை குழந்தையின் இதயத் துடிப்பையும், மற்றது கருப்பை இறுகுவதையும் பதிவு செய்கின்றது. ஈஜோக், புக்கிட் ரோத்தான் தோட்டங்களில் நம் பாட்டிமார்கள் பிள்ளை பெற்ற காலத்தில் இது ஏது? பிரான்சு மருத்துவர் பினார் 1895-இல் அமைத்த ஊதுகுழல் போன்ற குழலை வயிற்றில் வைத்துக் காதால் கேட்பதே அப்போதைய முறை. அந்தக் குழலுக்கு இன்றும் மதிப்புண்டு.

கருவிலுள்ள குழந்தைக்கு உயிர்க்காற்று நச்சுக்கொடி வழியே தாயின் இரத்தத்திலிருந்து கிடைக்கின்றது. ஒவ்வொரு வலியின்போதும் கருப்பை இறுகுவதால் அந்த இரத்த ஓட்டம் சற்றுக் குறையும். ஆற்றில் முங்குகின்ற சிறுவன் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முங்குவதைப் போலத்தான் இதுவும். மூச்சு வாங்க இடைவெளி போதாவிட்டால்தான் ஆபத்து.

துடிப்பு நிமிடத்திற்கு 110 முதல் 160 வரை இருப்பது வழக்கம். வலியோடு இறங்கி வலியோடு ஏறினால் பெரும்பாலும் தலை அழுந்துவதே காரணம், பயமில்லை. வலி ஓய்ந்த பின்னும் துடிப்பு தாழ்ந்தே இருந்து, அது திரும்பத் திரும்ப நேர்ந்தால் மருத்துவர் விரைந்து வருவார்.

"எங்கள் மகளுக்கு மிஷினே வைக்கவில்லை" என்று குறைப்படுவோர் உண்டு. 1985-இல் வெளிவந்த டப்ளின் ஆய்வில் சுமார் 13,000 தாய்மார்கள் பங்கேற்றனர். இயந்திரம் வைத்தவர்களின் குழந்தைகளுக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது, இறப்பு குறையவில்லை. தொடர்ந்து இயந்திரம் வைத்தால் அறுவை சிகிச்சை கூடுகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது. ஆகவே சிக்கலில்லாத தாய்க்கு, கால் மணிக்கு ஒரு முறை, வலி ஓய்ந்ததும் ஒரு முழு நிமிடம் கேட்டாலே போதும். முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை. இரத்தக் கொதிப்புள்ளவர்கள், பனிக்குட நீர் பச்சையாகக் கலங்கியவர்கள், வலிக்கு மருந்து ஏற்றப்பட்டவர்கள் ஆகியோருக்குப் பட்டை அவசியம்.

பிரசவத்தின் போக்கையும் குழந்தையின் துடிப்பையும் ஒரே தாளில் குறிக்கும் பார்ட்டோகிராம் முறையை உலகச் சுகாதார நிறுவனம் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மருத்துவமனைகளில் 35,484 தாய்மார்களிடம் சோதித்தது. 1994-இல் வெளியான முடிவின்படி, பிரசவ வேளையில் குழந்தை இறப்பது நூற்றுக்கு 0.5-லிருந்து 0.3 ஆகக் குறைந்தது. ஒரு தாளும் பேனாவும் செய்த வேலை இது!

குழந்தையின் கன்னத்தில் கருவி பொருத்தி உயிர்க்காற்றை நேரடியாக அளக்கவும் முயன்றார்கள். அமெரிக்கா 2000-இல் அதற்கு அனுமதி தந்தது. 5,341 தாய்மார்களிடம் நடத்திய சோதனையில் அறுவை சிகிச்சை குறையவில்லை என்று 2006-இல் தெரிந்ததும் அக்கருவி வழக்கொழிந்தது.

மருத்துவர் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்கும்போது, "பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று சில வீட்டார் நேரம் கடத்துகிறார்கள். அந்த நேரம் குழந்தையின் மூச்சிலிருந்து எடுக்கப்படுவது. பெரியவர்களிடம் பேசவேண்டியதை ஏழாம் மாதத்திலேயே பேசி முடியுங்கள். மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். அதனால்தான் மிசி இடப்பக்கம் திரும்பச் சொல்கிறார். வீட்டிலிருக்கையில் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல், அன்றிரவே தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ புறப்பட்டுவிடுங்கள்.