வண்டி வாங்குமுன் சுவரைப் பாருங்கள்!

சைக்கிளால் பெயர் பெற்ற ஊர் அம்பத்தூர். ஹெர்குலிஸ் சைக்கிள் செய்த டி.ஐ. தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அதை நடத்திய முருகப்பா குழுமமே இன்று மின்சார ஆட்டோவும் செய்கிறது என்றால், காலம் போகிற வேகத்தைப் பாருங்களேன்!

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பல வீடுகளில் இப்போது ஒரே விவாதம்: மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? "கரண்ட் பில் எகிறிவிடும்" என்பார் உங்கள் வீட்டுக்காரர். பென்சிலை எடுங்கள், கணக்குப் போட்டுவிடுவோம்.

தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 65 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் ஆகிற வீடானால் 515 ஆகிவிடும். இங்கேதான் சூட்சுமம். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500க்குள் இருந்தால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500ஐத் தாண்டினால் அதே நூறுக்கு 4 ரூபாய் 50 காசு. ஒரே தாவலில் 225 ரூபாய்! அப்படியும் வண்டிக்காகக் கூடுவது மொத்தம் 645 ரூபாய்தான். அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் 40 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாலாயிரம். பிற்பாடு கட்டணங்கள் மாறினாலும், இத்தனை பெரிய வித்தியாசம் எளிதில் மறைகிறதல்ல.

ஆகவே மீட்டரைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது சுவரைக் கண்டு.

ஸ்கூட்டர் சார்ஜர் இழுக்கும் மின்சாரம் ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுதான். ஆனால் இஸ்திரி பத்து நிமிஷத்தில் முடிகிறது; சார்ஜரோ நாலைந்து மணி நேரம் ஓடுகிறது. இருபது வருஷத்துப் பழைய வயரும் தளர்ந்த பிளக்கும் அந்த நேரமெல்லாம் சூடேறிக்கொண்டே இருக்கும். எக்ஸ்டென்ஷன் பெட்டியென்றால் கேட்கவே வேண்டாம். தனி வயர், தனி எம்.சி.பி., 15 ஆம்பியர் பவர் பிளக், மின்கசிவு கண்டால் சட்டென்று அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. — இவ்வளவும் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் சில சார்ஜர்கள் வேலை செய்யவே மறுக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் உயிரைக் காக்கத்தான் அந்தப் பிடிவாதம்!

பிளக்கை எந்த உயரத்தில் வைப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததை அந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தலை உயரத்தில் வையுங்கள். மழைச் சாரல் படாமல் மூடியும் போடுங்கள்.

அடுக்குமாடிவாசிகள் பாடு வேறு. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வயர் தொங்கவிடுவது விபரீதம். பொது மீட்டரில் சொருகினாலோ, அடுத்த மாதமே சங்கக் கூட்டத்தில் சண்டை! உங்கள் சொந்த மீட்டரிலிருந்து வண்டி நிற்கிற இடத்துக்கு ஒரு லைன் இழுப்பதே முறை. வீட்டிலுள்ள இணைப்பிலேயே மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று 2022 ஜனவரியில் மத்திய மின் அமைச்சகமே வழிகாட்டியிருக்கிறது. சங்கத்தாரிடம் இதைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாதே! கழற்றி எடுக்கிற பாட்டரி உள்ள வண்டி அவர்களுக்குச் சௌகரியம். ஆனால் அதைப் படுக்கையறையிலோ மாடிப்படி வழியிலோ வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள்.

காருக்கு ஆசையா? பவர் பிளக்கில் இரவு முழுவதும் ஏறும். சுவரில் மாட்டுகிற 7 கிலோவாட் பெட்டி வேண்டுமென்றால், மின்வாரியத்தில் மனுக் கொடுத்து இணைப்பின் திறனைக் கூட்ட வேண்டிவரும். வெளியூர்ப் பயணத்துக்குப் பூந்தமல்லி தாண்டியதும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓட்டல் வாசல்களிலேயே வேகச் சார்ஜர்கள் இருக்கின்றன. வீட்டுக் கட்டணத்தைவிடக் கூடுதல்தான். குழந்தைகள் டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் வண்டிக்கும் பாதி வயிறு நிரம்பியிருக்கும்.