சொரியாசிஸ் மூட்டழற்சி

சொரியாசிஸ் மூட்டழற்சி என்பது சொரியாசிஸ் என்னும் தோல்நோய் உள்ளோரின் மூட்டுகளையும், தசைநாண்கள் எலும்போடு இணையும் இடங்களையும் தாக்கும் நீண்டகால அழற்சி நோய் ஆகும். சித்த மருத்துவத்தில் சொரியாசிஸ் காளாஞ்சகப்படை எனப்படுகிறது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்குவதால் இது உண்டாகிறது, தொற்றுநோய் அன்று. சொரியாசிஸ் உள்ளோரில் 30 விழுக்காட்டினர் வரை இதற்கு உள்ளாகலாம். இருபாலாரையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும் இந்நோய் பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தோன்றுகிறது.

முன்னரே கண்டறிதலின் தேவை

பெரும்பாலானோரில் தோல்நோய் தோன்றி ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழித்தே மூட்டுகள் பாதிக்கப்படுகின்றன. ஆகவே, யாரைக் கவனித்துவர வேண்டும் என்பது முன்னரே தெரிந்திருக்கிறது. எனினும் தோல் மருத்துவரிடம் செல்வோர் மூட்டுவலியைக் கூறாமலும், மூட்டுவலிக்குச் செல்வோர் தோல் படையைக் காட்டாமலும் விடுவதுண்டு. அறிகுறி தோன்றி 6 மாதங்கள் தாமதித்தாலும் எலும்பு அரிப்பும் இயக்கக் குறைபாடும் மிகுகின்றன என்பதை 2015 இல் வெளியான அயர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது.

அறிகுறிகள்

* காலையில் அரை மணி நேரத்திற்கு மேல் நீடித்து, நடமாடினால் குறையும் மூட்டு விறைப்பு
* ஒரு விரல் முழுவதும் வீங்குதல்
* குதிகால் வலி
* நகங்களில் சிறு குழிகள், நகம் சதையிலிருந்து பிரிதல்
* ஓய்வில் மிகும் கீழ்முதுகு வலி

தலை, நகம் ஆகிய இடங்களில் சொரியாசிஸ் உள்ளோருக்கு வாய்ப்பு கூடுதல்.

கண்டறியும் முறை

2009 இல் வெளியிடப்பட்ட ஓர் எளிய வினாப் பட்டியலில் ஐந்து வினாக்கள் உள்ளன: மூட்டு எப்போதேனும் வீங்கியதா? மூட்டழற்சி என்று மருத்துவர் கூறியதுண்டா? நகத்தில் குழிகள் உண்டா? குதிகால் வலித்ததா? காரணமின்றி ஒரு விரல் முழுவதும் வீங்கி வலித்ததா? மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு 'ஆம்' எனில் மூட்டுநோய் வல்லுநரை அணுக வேண்டும்.

இந்நோயை உறுதிசெய்யத் தனியொரு இரத்தப் பரிசோதனை இல்லை. முடக்குவாதக் காரணி பெரும்பாலும் காணப்படுவதில்லை என்பதால், அச்சோதனை இயல்பாக இருப்பது மட்டும் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

திருவக்கரைப் பகுதியில்

கல்மரப் பூங்காவால் அறியப்படும் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையின் சுற்றுப்புறங்களில் வேளாண்மையும் கற்சுரங்க வேலையும் நடைபெறுகின்றன. இத்தகைய உடலுழைப்பில் மூட்டுவலியை வேலைக் களைப்பாகவே கருதிவிட வாய்ப்புண்டு. 2006 இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாவும் நெடுநாள் மூட்டுவலியைத் தரக்கூடியது. ஆனால் அது திடீர்க் காய்ச்சலுடன் தொடங்கும். 2010 இல் தொடங்கப்பட்ட முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் இப்பகுதியினர் அணுகக்கூடியவை.

மருத்துவம்

வலி நீக்கிகள், மெத்தோட்ரெக்சேட், உயிரியல் மருந்துகள் ஆகியன நோயின் அளவுக்கேற்பத் தரப்படுகின்றன. இந்நோய் முற்றிலும் நீங்குவதில்லை, கட்டுப்படுத்தலாம். ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாக உட்கொண்டு திடீரென நிறுத்தினால் தோல்நோய் கடுமையாகத் திரும்பக்கூடும்.