பாலமும் பாரமும்

ஆற்றின் இரு கரைகளையும் இணைத்து மக்களின் போக்குவரவிற்குத் துணைசெய்வது பாலம். அது கல்லாலும் இரும்பாலும் ஆயதேனும், அதற்கும் முதுமை உண்டு. அது தாங்கும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லையை வழிச்செல்வோர்க்கு உணர்த்தவே பாலத்தின் முகப்பில் எடை வரம்புப் பலகை நாட்டப்பெறுகின்றது. அதன் இன்றியமையாமையை, இலண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றின்மேல் அமைந்துள்ள ஹாமர்ஸ்மித் பாலத்தின் வரலாறு இனிது விளக்கும்.

அவ்விடத்தில் முதன்முதல் ஒரு தொங்குபாலம் 1827ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. 1870ஆம் ஆண்டில் படகுப் பந்தயம் காணப் பல்லாயிரம் மக்கள் அதன்மீது திரண்டனர். அப்பாரத்தைப் பாலம் தாங்குமோ என்னும் கவலை உண்டாயிற்று. பின்னர்ப் பழைய பாலத்தின் அடிப்படைகள்மீதே புதிய தொங்குபாலம் எழுந்தது. அதனை வகுத்தவர், இலண்டனின் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்துப் புகழ்பெற்ற ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியியல் அறிஞர். அப்பாலம் 1887ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அந்நாளில் சாலைகளில் ஓடியவை குதிரை வண்டிகளே. காலப்போக்கில் லாரிகளும் பேருந்துகளும் அதன்மீது செல்லலாயின.

பாலம் ஒன்று இருவகைப் பாரங்களைத் தாங்குகின்றது. ஒன்று அதன் சொந்த எடை; மற்றொன்று அதன்மீது செல்லும் வண்டிகளின் எடை. முன்னது நிலையானது, பின்னது வந்து வந்து நீங்குவது. ஒரு கம்பியைப் பன்முறை வளைத்து நிமிர்த்தினால் அது இறுதியில் ஒடிந்துவிடுவதை மாணவர் கண்டிருப்பர். அவ்வாறே பெரும்பாரம் மீண்டும் மீண்டும் ஏறி இறங்குமாயின் இரும்பும் தளர்ச்சியுறும். துருவும் உடன்சேருமாயின் அதன் வலிமை மேலும் குன்றும்.

இதனை உணர்ந்தே 1990களின் இறுதியில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் அப்பாலத்தில் செல்லலாகாது எனத் தடுக்கப்பெற்றன. ஆயினும் முதுமை தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. பாலத்தின் சங்கிலிகள் கரையை அடையுமிடத்தில் வார்ப்பிரும்புப் பீடங்கள் உள்ளன. வெப்பத்தால் நீண்டும் குளிரால் சுருங்கியும் மாறும் சங்கிலிகள் அசைவதற்கென உருளைகள் அமைந்திருந்தன. அவை துருப்பிடித்து இறுகிப்போயின. அதனால் சங்கிலியின் விசை பீடங்களைத் தாக்கிற்று. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கோ எளிதில் வெடிக்கும். பீடங்களில் வெடிப்புகள் காணப்பட்டமையால், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மோட்டார் வண்டிகள் யாவும் தடுக்கப்பெற்றன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் கடுவெயிலில் வெடிப்புகள் விரிந்தன. நடப்போரும் பாலத்தில் செல்லலாகாது. படகுகளும் அதன்கீழ்ச் செல்லலாகாது என்னும் நிலை வந்தது. 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் மட்டுமே வழி மீண்டும் திறக்கப்பெற்றது. ஏனையோர் வேறு பாலங்களைத் தேடிச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

வரம்புக்கு மேற்பட்ட வண்டி ஒன்று சென்ற அன்றே பாலம் வீழ்ந்துவிடுவதில்லை. அதனாலேயே வரம்பு மீறுவோர் அஞ்சுவதில்லை. ஆனால் அவ்வண்டி விளைத்த தளர்ச்சி பாலத்தின் உள்ளே தங்கிவிடுகின்றது. அதன் பயனை, பின்னொரு நாளில் குற்றமற்ற பிறர் நுகர நேரும். ஆதலின் எடை வரம்புப் பலகையை வெறுந்தடை எனக் கருதலாகாது. இன்று ஒருவர் சுற்றிச் செல்லும் சிறு தொல்லை, நாளை ஊரார் அனைவர்க்கும் வழியைக் காத்துத் தருவதாகும்.