வீட்டிலிருந்தே விளம்பர விற்பனை: இருமொழியறிவு தொழிலாகும் வழி

விளம்பரம் தமிழர்க்குப் புதியதன்று. அங்காடித் தெருக்களில் பறந்த பலவகைக் கொடிகளை மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் குறிப்பிடுகின்றன. இன்ன கடையில் இன்ன பொருள் உண்டு என்பதை வழிச்செல்வோர்க்கு அறிவிக்கக் கொடிகள் பயன்பட்டன. பிறருடைய அறிவிப்புக்கென இடம் ஒதுக்கி, அவ்விடத்திற்கு விலை கூறும் தொழிலோ அச்சு இதழ்கள் பெருகிய பின்னரே வளர்ந்தது. அதனையே விளம்பர விற்பனை என்கிறோம். இன்று இத்தொழிலை வீட்டிலிருந்தே செய்ய இயலும். அது எவ்வாறு நடைபெறுகிறது, தமிழ் கற்ற இளையர்க்கு அதில் என்ன இடம் உண்டு என்பனவற்றைச் சிங்கப்பூர்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

விற்கப்படுவது எது?

விளம்பரம் எழுதுவது வேறு. விளம்பரம் விற்பது வேறு. எழுதுபவர் சொல்லையும் படத்தையும் படைக்கிறார். விற்பவர் அவை வெளிவரும் இடத்தையோ நேரத்தையோ விற்கிறார். செய்தித்தாளில் அது பத்தியின் அகலத்தையும் சென்டிமீட்டர் உயரத்தையும் கொண்டு அளக்கப்படும். வானொலியில் வினாடிகளால் அளக்கப்படும். இணையத்தில் ஆயிரம் பார்வைகளுக்கு இவ்வளவு என்று விலை கூறப்படும். அளவை எதுவாயினும், வணிகர் பணம் கொடுத்துப் பெற விரும்புவது மக்களின் கவனத்தையே ஆகும்.

இக்கவனத்தின் விலையால்தான் இதழ்கள் வாழ்ந்தன. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். வாசகர் தரும் காசு மட்டும் ஒரு நாளிதழின் செலவு முழுவதையும் ஈடுகட்டுவது அரிது. எஞ்சியதற்கு விளம்பரமே துணை. இணையம் பரவியபின் விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு தேடுபொறிகளையும் சமூக ஊடகங்களையும் நோக்கிச் சென்றது. 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் ஊடகப் பிரிவு இலாப நோக்கற்ற அமைப்பாகப் பிரிக்கப்பட்டது. அதன் இதழ்களுள் தமிழ் முரசும் ஒன்று. அவ்வமைப்புக்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை அரசாங்கம் நிதி வழங்கும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, தமிழ் ஊடகத்திற்கு விளம்பரம் திரட்டுவோரின் உழைப்பு, தமிழில் செய்தி படிக்கவும் கேட்கவும் நமக்குள்ள வாய்ப்பைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாகும்.

வீடு பணியிடமானமை

முன்னாளில் விளம்பர விற்பனையாளர் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினார். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பில் இருந்தபோது, அலுவலகப் பணிகள் பலவும் வீட்டுக்கு நகர்ந்தன. தொலைபேசி, மின்னஞ்சல், காணொளிச் சந்திப்பு ஆகியவற்றாலும் விற்பனை நடக்கும் என்பது அப்போது பலர்க்கும் தெளிவாயிற்று. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தன. ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால், நிறுவனம் அதனைப் பரிசீலித்து இரண்டு மாதங்களுக்குள் எழுத்து வழி முடிவு தெரிவிக்க வேண்டும். ஏற்றே ஆக வேண்டும் என்று நெறிமுறை கூறவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

பணியின் படிகள்

தீபாவளிக்குச் சேலைக்கடை ஒன்றின் விளம்பரத்தைப் பெற விரும்பும் விற்பனையாளரை எடுத்துக்கொள்வோம். முதற்படி ஆய்வு. அக்கடை யாருக்கு விற்கிறது, சென்ற ஆண்டு எங்கே விளம்பரம் செய்தது என்பனவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாம் படி அழைப்பு. முதல் அழைப்பில் விலை பேசுவதைவிடக் கடைக்காரரின் தேவையைக் கேட்டறிவதே பயன் தரும். மூன்றாம் படி எழுத்து வழி முன்மொழிவு. இங்கேதான் கணக்கு வேண்டும்.

ஐயாயிரம் வாசகரை உடைய மாத இதழில் கால்பக்கத்திற்கு 400 வெள்ளி என்று கொள்வோம். ஆயிரவருக்கு 80 வெள்ளி ஆகிறது. இணையத்தளம் ஒன்று 50,000 பார்வைகளுக்கு 500 வெள்ளி கேட்கிறது; ஆயிரம் பார்வைக்கு 10 வெள்ளிதான். இரண்டாவதே மலிவு என்று தோன்றும். ஆனால் அப்பார்வைகளுள் சிங்கப்பூரில் வாழ்வோருடையவை 4,000 மட்டுமே என்றால், கடைக்குப் பயன்படும் ஆயிரம் பார்வைக்கு 125 வெள்ளி ஆகிவிடுகிறது. இதழின் வாசகர் அனைவரும் இங்கு வாழ்பவராயின், இதழே சிக்கனமானது. இதனை எடுத்துக்காட்டுபவர் நல்ல விற்பனையாளர். கணக்கு மாறாக அமைந்தால், 'இம்முறை இது உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்பவர் அவரினும் சிறந்தவர். அவ்வாறு சொன்னவரை வணிகர் மறப்பதில்லை.

நான்காம் படி தொடர்தல். விளம்பரம் வெளிவந்தபின் எத்தனை பேர் அதைக் கண்டு வந்தனர் என்று கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். ஒருமுறை வாங்கியவர் மீண்டும் வாங்குவதால்தான் இத்தொழிலில் வாழ்க்கை அமைகிறது. எனவே ஒவ்வோர் உரையாடலின் நாள், பேசிய செய்தி, அடுத்து அழைக்க வேண்டிய நாள் ஆகியவை குறிப்பேட்டில் இருத்தல் இன்றியமையாதது. வீட்டில் மேற்பார்வையாளர் இல்லை, அக்குறிப்பேடே மேற்பார்வையாளர். பிறர் நேரத்தையும் மதித்தல் வேண்டும்: உணவகத்தாரை நண்பகலில் அழைப்பவர் பேச்சைத் தொடங்குமுன்பே வாய்ப்பை இழக்கிறார்.

மொழி என்னும் முதல்

இத்தொழிலுக்குக் கடையோ சரக்கோ வேண்டா, மொழியே முதல். இளைய நிறுவனத்தின் மேலாளர் நான்கு வரி ஆங்கில மின்னஞ்சலை விரும்புவார். மூத்த கடைக்காரரோ 'ஐயா, நலமா?' என்று தமிழில் தொடங்கும் பேச்சுக்கே செவி சாய்ப்பார். இருவரிடமும் இயல்பாகப் பழகத் தெரிந்தவருக்கு இரு வாயில்களும் திறக்கும்.

ஆங்கிலத்தில் வரும் விளம்பர வாசகம் தமிழில் பிழையின்றி அமைந்துள்ளதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் அவர் பொறுப்பே. '50 விழுக்காடு வரை தள்ளுபடி' என்பதில் 'வரை' என்னும் ஒரு சொல் விடுபட்டால், வணிகர் எண்ணாத சலுகையை ஊரறிய வாக்களித்ததாகிவிடும். 1976இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையத்தின் நெறிமுறை, விளம்பரம் உண்மையாகவும் மக்களைத் திசைதிருப்பாததாகவும் இருக்க வேண்டும் என வலியுறுத்துகிறது. ஒரு சொல்லின் பொருளைக் காப்பது இங்கே இலக்கணத்தோடு நில்லாமல் நேர்மையும் ஆகிறது.

வருமானமும் விதிகளும்

மாதச் சம்பளத்துடன் வீட்டிலிருந்து பணிபுரிவோர் உண்டு. தரகை மட்டும் நம்பித் தனித்து இயங்குவோரும் உண்டு. பின்னவர்க்கு வருமானம் சீராக வாராது. தீபாவளிக்கு முன் பெருகும், பின் வற்றும். நிறுவனத்தின் மத்திய சேமநிதிப் பங்கும் அவர்க்கு இல்லை. ஆண்டின் நிகரத் தொழில் வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால், மெடிசேவ் கணக்கில் அவரே பணம் செலுத்த வேண்டும். தரகு எத்தனை விழுக்காடு, அது விளம்பரம் வெளிவந்ததும் கிடைக்குமா வாடிக்கையாளர் பணம் கட்டியபின் கிடைக்குமா என்பனவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே பணியைத் தொடங்குதல் நன்று.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 'அழைக்க வேண்டாம்' பதிவகம் 2014 ஜனவரி 2 முதல் இயங்குகிறது. ஒரு நிறுவனத்தை அதன் தொழில் தேவைக்காக அழைப்பதற்கு அது பொருந்தாது. தனிமனிதருக்கு விற்க அழைப்பதற்குப் பொருந்தும். இவ்வேறுபாட்டை அறிந்தே தொலைபேசியை எடுக்க வேண்டும்.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே எளிதாகச் சம்பாதிக்கலாம்' என்று கூறி முன்பணம் கேட்கும் அறிவிப்புகள் மோசடியின் அறிகுறி. உண்மையான வேலை உழைப்பைக் கேட்கும். வேலை தருவதற்குப் பணம் கேட்காது. ஐயம் எழுந்தால் 1799 என்னும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இதனைப் பாடமாக்கலாம். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் கிடைக்கின்றன. வெவ்வேறு பத்தாண்டுகளின் தீபாவளி விளம்பரங்களை மாணவர் ஒப்பிட்டு, யார் விற்றனர், யாரை நோக்கிப் பேசினர், சொற்கள் எவ்வாறு மாறின என்று ஆராயலாம். பின்னர், பள்ளி இதழுக்கு விளம்பரம் கேட்டு அருகிலுள்ள கடைக்கு ஒரு மடலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதலாம். இரண்டும் ஒன்றன் மொழிபெயர்ப்பு ஒன்றாக இராமல், படிப்பவரின் இயல்புக்கேற்ப அமைதல் வேண்டும்.

தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று வினவும் மாணவர்க்கு, ஆசிரியப் பணியையும் ஊடகப் பணியையும் மட்டுமே நாம் சுட்டிக்காட்டி வருகிறோம். அவ்வூடகத்திற்குப் பொருள் தேடித் தரும் பணியும் தமிழறிவை நாடி நிற்கிறது. அதற்கு வேண்டியவை தெளிந்த சொல், நேரிய கணக்கு, சொன்ன நாளில் மீண்டும் அழைக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றுமாகும். இம்மூன்றையும் வகுப்பறையிலேயே பழகத் தொடங்கலாம்.