மீன்தொட்டிக்குள் ஒரு மேகம்

துகள் இயற்பியல் நடத்தக் கோடிக்கணக்கில் செலவாகும் கருவி வேண்டுமா? ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கியைப் பூமிக்கடியில் வைத்திருக்கும் செர்ன் ஆய்வகம், 1998 முதல் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே அவர்கள் கையாலேயே செய்து பார்ப்பது, மீன்தொட்டி போன்ற ஒரு பெட்டி!

பெட்டியின் மேற்பகுதியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி. அடியில் உலோகத் தகடு. அதற்கும் கீழே, மைனஸ் 78 டிகிரியில் உலர்பனி. மேலிருந்து இறங்கும் ஆவி, தகட்டருகே எந்த நொடியும் துளியாகிவிடும் நிலையில் தத்தளிக்கும். அப்போது விண்வெளிக் கதிர்களால் பிறந்த மியூவான் என்னும் துகள் ஒன்று குறுக்கே பாய்ந்தால், போன வழியெங்கும் மெல்லிய வெள்ளைக் கோடு. அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரியும். இத்தகைய 'முகில் கலத்தின்' முந்தைய வடிவம்தான் இயற்பியலாளர் வில்சனுக்கு 1927-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது.

மாணவர்களை மட்டும் செர்ன் விட்டுவிடுமா? நல்ல சோதனை ஒன்றைத் திட்டமிட்டு அனுப்பும் பள்ளிக் குழுக்களுக்கு 2014 முதல் போட்டி நடக்கிறது. வென்றவர்கள் அதை உண்மையான துகள் கற்றையிலேயே செய்து பார்க்கலாம்.

வகுப்பில் முகில் கலம் செய்யப்போகும் ஆசிரியர்களே, உலர்பனியை வெறுங்கையால் தொடாதீர்கள். அறையில் நல்ல காற்றோட்டமும் இருக்கட்டும்.