டிக்கெட் ஏழாயிரம், பெட்டிக்கு எவ்வளவு? திருச்சியில் இருந்து பறக்கும் பட்ஜெட் விமானங்களின் உண்மைக் கணக்கு

“சிங்கப்பூருக்கு ஏழாயிரம்தான் அண்ணே, இன்னைக்கே போட்டுடலாமா?”

பெரம்பலூர், அரியலூர் டிராவல்ஸ் கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. கேட்பவரும் சரி என்கிறார். கிளம்புகிற நாளில் திருச்சி விமான நிலையக் கவுன்டரில் பெட்டியை எடை மேடையில் வைக்கும்போதுதான் அடுத்த கணக்கு ஆரம்பிக்கிறது. பெட்டிக்குத் தனி, சீட்டுக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி. ஏழாயிரம் எங்கே போய் நிற்கும்? அப்படியானால் பட்ஜெட் விமானம் மலிவு என்பதே பொய்யா?

பொய் இல்லை. ஆனால் யாருக்கு மலிவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கழற்றி விற்கும் வியாபாரம்

பழைய முறையில் விமான டிக்கெட் என்பது வாழை இலைச் சாப்பாடு மாதிரி. சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் ஒரே விலையில் அடக்கம். பட்ஜெட் நிறுவனங்கள் இதைக் கழற்றின. இருக்கை ஒரு விலை, மற்றது வேண்டும் என்றால் தனி விலை. இந்தியாவில் இந்த வழியை 2003இல் திறந்தவர் ஏர் டெக்கான் நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத். ‘சூரரைப் போற்று’ படத்துக்கு அடிப்படையானது அவருடைய கதைதான். ஒரு ரூபாய் டிக்கெட்டும் அவர் விற்றது உண்மை. அந்த ஒரு ரூபாய்க்கு மேல் வரிகள் தனி என்பதும் உண்மை.

சாமான், இருக்கைத் தேர்வு, உணவு போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ள விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2015இல் வழிவிட்டது. பெட்டியே கொண்டுவராத பயணிக்கு உள்நாட்டுப் பயணத்தில் குறைந்த கட்டணம் தரலாம் என்று 2021இல் அனுமதித்தது. இரண்டு விதியிலும் ஒரே தர்க்கம்தான்: வேண்டாததற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

லேப்டாப் பையோடு இரண்டு நாள் வேலையாகப் போகிறவருக்கு இது நியாயமான பேரம். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்துவிட்டு, சின்ன வெங்காயம், முறுக்கு, கருவாடு, அம்மா போட்ட ஊறுகாய் சகிதமாகத் திரும்புகிறவரின் கதை வேறு. எண்ணெய் மிதக்கிற ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாய்க்காகவாவது ஒரு பெட்டி போட்டே ஆக வேண்டும்.

திருச்சியில் எதோடு ஒப்பிடுவது?

பெரம்பலூரில் இருந்து சுமார் 60 கி.மீ., அரியலூரில் இருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருக்கும் திருச்சிதான் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் பக்கத்து விமான நிலையம். 2024 ஜூனில் புதிய முனையமும் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் இங்கிருந்து வெளிநாடு பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ, ஸ்கூட், ஏர் ஏசியா எல்லாமே பட்ஜெட் ரகம். எல்லாம் அடங்கிய கட்டணத்தில் பறக்க வேண்டுமானால் கொழும்பு வழியாகப் போகும் ஸ்ரீலங்கன் மாதிரி ஓரிரு வழிகள்தான். இல்லையென்றால் சென்னைக்குப் போக வேண்டும்.

இதனால், சென்னைவாசி போடும் கணக்கு பெரம்பலூர்க்காரருக்குப் பொருந்தாது. இங்கிருந்து சென்னை போகும் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம் (தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும், விலை நாளுக்கு நாள் மாறும்). திருச்சியில் இருந்து சிங்கப்பூருக்குப் பெட்டி இல்லாத டிக்கெட் ரூ.7,500. முன்கூட்டியே 20 கிலோ வாங்கினால் ரூ.2,500. சீட்டுக்கு 600, சாப்பாட்டுக்கு 500, பணம் செலுத்தும்போது சேர்க்கும் ‘வசதிக் கட்டணம்’ 400. மொத்தம் ரூ.11,500. சென்னையில் இருந்து எல்லாம் அடங்கிய விமானம் ரூ.13,500 என்றால், முதலில் தெரிந்த ஆறாயிரம் வித்தியாசம் இரண்டாயிரமாகச் சுருங்கிவிட்டது.

ஆனாலும் திருச்சிதான் ஜெயிக்கிறது. சென்னைக்குப் பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி மாற வேண்டும். கார் வைத்தால் போக வர ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். வழியனுப்ப வீட்டோடு வேன் ஏறுகிற வழக்கம் உள்ள ஊர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பட்ஜெட் டிக்கெட் தோற்கும் இடம்

எடை மேடையில்தான். முன்பே வாங்கினால் ஒரு விலை, கவுன்டரில் கூடுதல் கிலோவுக்கு வேறு விலை. அது பல மடங்காகவும் இருக்கலாம். “ரெண்டு கிலோதான சார், விடுங்க” என்பது இங்கே எடுபடாது. நாலைந்து கிலோ கூடினாலே மேலே சொன்ன இரண்டாயிரம் மிச்சம் காலி.

அரசு இதில் தலையிட்டுப் பார்த்தது. உள்நாட்டு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை, கிலோவுக்கு ரூ.100க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016இல் டிஜிசிஏ உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஸ்பெயினிலும் இதே சண்டைதான். கைப்பைக்குக் காசு வாங்கியது உள்ளிட்ட காரணங்களுக்காக ஐந்து பட்ஜெட் நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசு 2024 நவம்பரில் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கேயும் விஷயம் நீதிமன்றத்துக்குத்தான் போனது.

இலவச அளவும் நிலையானது இல்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024 ஆகஸ்ட்டில் ஐக்கிய அரபு அமீரகத் தடங்களில் 30 கிலோவை 20 ஆகக் குறைத்தது. சில மாதங்களில், 2025 ஜனவரியில், மறுபடி 30 ஆக்கியது. போன தடவை தம்பி 30 கிலோ கொண்டுபோனான் என்பதை நம்பிப் பெட்டி கட்டக்கூடாது. கையில் இருக்கும் டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு.

போகும்போது வாங்கிய 20 கிலோ, திரும்பும்போது தானாக வராது. அதைத் தனியாக வாங்க வேண்டும். கோடாலித் தைலமும் பால் பவுடரும் சாக்லேட்டுமாகத் திரும்பும் பெட்டிதான் பெரும்பாலும் கனமானது. எவ்வளவு கிலோ வாங்கியிருந்தாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் அடைக்க முடியாது.

இன்னொரு பள்ளம்: திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் வேறு நிறுவனத்தில் வேறு டிக்கெட். இரண்டாவதில் 30 கிலோ இருக்கும். முதலாவது உள்நாட்டுப் பயணம், பொதுவாக 15 கிலோதான். மீதி 15 கிலோவுக்குத் திருச்சியிலேயே கட்ட வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அதற்கும் பொறுப்பேற்க ஆள் இல்லை.

சீட்டுக்குக் காசு கட்டாயமா?

இல்லை. இது பலருக்குத் தெரியாது. இணையத்தில் செக்-இன் செய்யும்போது எல்லாச் சீட்டுக்கும் விலை போட்டிருந்தாலும், ஒன்றும் வாங்காமல் விமான நிலையம் போனால் மிச்சம் இருக்கும் சீட்டில் ஒன்று கிடைக்கும். ஜன்னலா நடுவா என்பது அதிர்ஷ்டம். குழந்தையைப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் குடும்பத்தோடு போகிறவர்கள் பணம் கட்டுகிறார்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பதிவில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கவுன்டரில் போர்டிங் பாஸ் அச்சிட்டுத் தருவதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகமும் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. செல்போனில் செக்-இன் செய்யத் தெரியாத பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

லீவு தள்ளிப்போனால்?

வளைகுடாவில் இருப்பவருக்கு லீவு தேதி முதலாளி கையில். இரண்டு வாரம் தள்ளிப்போனால் மாற்றும் கட்டணம், அதோடு அன்றைய விலை வித்தியாசம். மலிவாக எடுத்த டிக்கெட்டைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எடுப்பதே லாபம் என்றுகூட ஆகலாம். அப்படித் தூக்கிப்போடும்போதும் முழுவதையும் விட வேண்டியதில்லை. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக்கூடாது. வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். பணம் திரும்ப வராத சலுகை டிக்கெட்டுக்கும், விமானத்துக்கே போகாமல் விட்டதற்கும் இது பொருந்தும். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இது இந்திய நிறுவனங்களுக்கான விதி. ஸ்கூட், ஏர் ஏசியா போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் நாட்டு விதிதான்.

தேதி உறுதியாகத் தெரியாதவர்கள், மாற்றிக்கொள்ள வசதியுள்ள சற்றுக் கூடுதலான கட்டணத்தையோ, பெட்டியும் சாப்பாடும் அடங்கிய கொழும்பு வழி டிக்கெட்டையோ விசாரித்துப் பார்ப்பது நல்லது. டிராவல்ஸ் கடையில் கேட்கும்போது “டிக்கெட் எவ்வளவு?” என்று கேட்காமல், “போக 25 கிலோ, வர 30 கிலோ, சாப்பாட்டோட மொத்தம் எவ்வளவு ஆகும் தம்பி?” என்று கேளுங்கள். பெட்டியை வீட்டுத் தராசில் நிறுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.