பழைய லொறிகளில் ஹீற்றர் கசிவு

மாத்தளை மாவட்டத்துக் கமக்காரர் விளைவிக்கும் நெல்லும் மரக்கறியும் வயலை விட்டு நீங்கியதும் லொறியையே நம்பியிருக்கின்றன. கலேவெல, நாவுல, பல்லேபொல முதலிய இடங்களிலிருந்து, 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும், அங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கும் அவை லொறிகளிலேயே செல்கின்றன. காலமறிந்து உரமிட்டுப் பூச்சியினின்றும் காத்த போஞ்சியும் தக்காளியும், வழியில் நின்றுவிட்ட லொறியில் ஒரு பகற்பொழுது வெயிலிற் கிடந்தால் பாதி விலைக்கும் போகமாட்டா. ஆகையால் லொறி வைத்திருக்கும் கமக்காரர் அதன் இயந்திரத்தைப்பற்றியும் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். பலர் கவனியாது விடும் ஒரு பழுது இங்கே விளக்கப்படுகின்றது.

நம் நாட்டில் ஓடும் இசுசு எல்ப், மிற்சுபிசி கன்ரர், ரொயோட்டா டைனா போன்ற சிறிய லொறிகளுட் பல, யப்பானிற் சில ஆண்டுகள் பாவிக்கப்பட்ட பின்னர் இங்கு வந்தவை. பனி பெய்யும் தேசத்துக்காகச் செய்யப்பட்டமையால், சாரதி அமரும் அறையைச் சூடாக்கும் ஹீற்றர் என்னுங் கருவி அவற்றில் அமைந்துள்ளது. தம்புள்ளை வெயிலில் இதன் விசையைத் தொடுவார் யார்? றிவஸ்டன் மலையுச்சிக் குளிருக்கும் ஒரு கம்பளிச் சட்டை போதும். எனினும் பாவியாத கருவியும் பழுதடையும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளையே ஓட்டிவர நேர்ந்தமையால் இப்பழுது நம்மவர்க்கு உரியதாயிற்று.

இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், முன்னுள்ள பெரிய றேடியேற்றருக்கு மட்டுஞ் செல்வதில்லை. அந்நீரின் ஒரு பகுதி, விரற் பருமனுள்ள இரண்டு றப்பர்க் குழாய்களின் வழியாகச் சாரதி அறைக்குட் சென்று, டாஷ்போட்டின் பின்னே மறைந்துள்ள சிறு றேடியேற்றர் ஒன்றினூடாகச் சுற்றித் திரும்புகின்றது. அதன் மெல்லிய குழல்களை உட்புறத்திலிருந்து துரு அரிக்கின்றது. கிணற்று நீரையே ஊற்றி வந்தால் இவ்வரிப்பு விரைவுபடும். நமது மாவட்டத்தின் வடபாகத்துக் கிணற்று நீர் சுண்ணச்சத்து மிக்கது. தேநீர்க் கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவை எல்லோரும் கண்டிருப்பர். அதுவே இக்குழல்களிலும் படிகின்றது.

கசிவைக் கண்டறிதல் கடினமன்று. அறைக்குள் இனிப்பான ஒரு வாசனை வீசும். முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் பூசினாற்போன்ற மங்கல் படியும். துணியால் துடைத்தாலும் எளிதிற் போகாது. ஆசனத்தின் முன்னுள்ள கால்விரிப்பு நனைந்து பிசுபிசுப்பாயிருக்கும். லொறி நின்ற நிலத்தில் ஈரமில்லாதிருக்கவும் றேடியேற்றரில் நீர் குறைந்துகொண்டே வரும். மழைநீர் ஒழுகினால் மழை நாட்களில் மாத்திரமே விரிப்பு நனையும். அதில் வாசனையும் நிறமும் இரா.

"நாள்தோறும் ஒரு போத்தல் நீர் ஊற்றினாற் போதுமே" என்பர் சிலர். சமவெளியில் அது சில காலஞ் செல்லலாம். நெல் மூடைகளை ஏற்றிக்கொண்டு மாத்தளையைக் கடந்து பலகடுவ ஏற்றத்தில் ஏறும்போதே உண்மை வெளிப்படும். நீர் குறைந்த இயந்திரம் மிகையாகச் சூடேறி, ஹெட் காஸ்கெட் எரிந்து, சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிடும். ஒரு முழம் றப்பர்க் குழாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை இயந்திரத்தையே கழற்றும் வேலையாகிவிடும். வெப்பமானியின் முள்ளையும் முற்றாக நம்புதல் கூடாது. அது நீரின் வெப்பத்தையே அளப்பது. அளக்கும் இடத்தில் நீரே இல்லாதபோது முள் தாழ்ந்து நின்று நம்மை ஏமாற்றும்.

மஞ்சள்தூளையும் கடைகளில் விற்கும் கசிவடைக்கும் தூள்களையும் றேடியேற்றரில் இடுவோருமுளர். அத்தூளுக்குக் கசியும் துளை எது, நல்ல குழல் எது என்பது தெரியாது. பெரிய றேடியேற்றரின் நுண்ணிய குழல்களையும் அது அடைத்துவிடும். வழியில் அகப்பட்டுக்கொண்டவர் வீடு சேர்வதற்கன்றி இதனைச் செய்தலாகாது.

நமது மாவட்டத்துக்கு ஏற்ற பரிகாரம், ஹீற்றரை நீரோட்டத்தினின்றும் நீக்கிவிடுதலே. இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே, அதாவது நிறுத்தி ஒரு மணித்தியாலத்துக்கு மேற்சென்ற பின்னரே, வேலையைத் தொடங்குக. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் கொதித்துப் பாய்ந்து முகத்தை வேகவைத்துவிடும். ஹீற்றருக்குச் செல்லும் இரு குழாய்களையும் இயந்திரத்தின் பக்கத்திற் கழற்றி, அவ்விரு வாய்களையும் ஒரே குழாயால் வளைத்து இணைத்துக் கிளிப்புகளால் இறுக்குதல் வேண்டும். வளைவு மடிந்து நெரியாதிருக்கட்டும். விசிறியிலும் பெல்ற்றிலும் உராயாதிருக்கட்டும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் இவ்வேலைக்கு ஆகாது. அது சூட்டில் இளகிவிடும். ஹீற்றருக்கென்றே விற்கப்படும் குழாயை வாங்குக. இரு வாய்களையும் தனித்தனியே ஆணியால் அடைத்துவிடுதலும் நன்றன்று. சில இயந்திரங்களில் அவ்வழி ஓடும் நீர் இயந்திரத்தின் சீரான சுற்றோட்டத்துக்கும் வேண்டியதாகும். ஹீற்றரின் வால்வை மூடிவிட்டால் என்ன எனின், கசிவு குறையுமேயன்றி நில்லாது. திரும்பி வரும் குழாயின் வழியே அழுத்தம் சென்றுகொண்டேயிருக்கும்.

நுவரெலியாப் பக்கத்துக்கு அதிகாலையில் ஓடுவோர்க்கு, முன்கண்ணாடியிற் படியும் புகாரை நீக்க ஹீற்றர் வேண்டியிருக்கலாம். அன்னோர் சிறு றேடியேற்றரையே புதிதாக மாற்றுவது நன்று. பித்தளையாலானதைப் பற்றவைக்கலாம்; அலுமினியத்தாலானதைப் பற்றவைத்தல் பெரும்பாலும் நிலைப்பதில்லை.

குழாயை இணைத்த பின் கிணற்று நீரை ஊற்றாது, கூலன்றும் வடித்த நீருஞ் சமபாகமாகக் கலந்து ஊற்றுக. மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் வருவது நிற்கும்வரை சிறிது சிறிதாக நிரப்புக. பின்வரும் ஒரு கிழமைக்கு ஒவ்வொரு காலையும், இயந்திரத்தை இயக்குமுன், நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். அப்போதும் குறையுமாயின் கசிவு வேறிடத்திலும் உண்டு. கராஜில் அழுத்தச் சோதனை செய்விக்க.

பலவகைக் கூலன்றுகளில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. சிறிதளவு உட்சென்றாலும் சிறுநீரகங்களைக் கெடுக்கும். இனிப்பாயிருப்பதால் நாயும் ஆடுமாடும் அதனை நக்கும். வடித்தெடுத்த பழைய நீரை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றாது, மூடியுள்ள கலத்தில் இட்டுக் கராஜில் ஒப்படைக்க. நனைந்த கால்விரிப்பைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தும்வரை மரக்கறிப் பெட்டியையோ குழந்தையையோ அவ்விடத்தில் வைத்தலாகாது. கிருமிநாசினி வந்த வெற்றுக் கலத்தில் லொறிக்கு நீர் கொண்டுசெல்லும் வழக்கத்தையும், கூலன்று வந்த கலத்தில் குடிநீர் கொண்டுசெல்லும் வழக்கத்தையும் அறவே விடுதல் வேண்டும்.